ஒட்டாத ஓரகத்தி

என் ஓரகத்தியின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் கோபித்துக்கொள்வாள் என்று இல்லை. எழுதினாலும் எழுதாவிட்டாலும் அவளுக்கு ஒன்றுதான், அந்த எரிச்சலில் விடுகிறேன். சீராக வந்த பாத்திரங்களில்கூட அவள் பெயர் வெட்டிக்கொள்ளவில்லை. பாத்திரக் கடையிலேயே பக்கத்தில் உட்கார்ந்து, தம்ளர் முதல் அண்டா வரைக்கும் பெயரும் இனிஷியலும் வெட்டி வாங்குவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். என் வீட்டு ரசக் கரண்டியில்கூட என் பெயர் இருக்கிறது. அவளுடைய பாத்திரங்கள் வெறும் மினுமினுப்போடு வந்து இறங்கின. ஏன் இப்படி என்று கேட்டதற்கு, கடையில் கூட்டமாக இருந்தது என்றாள்.

அவள் என் கணவரின் தம்பி மனைவி. கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்கு அவள் வந்தபோது என் மகள் கைக்குழந்தை. பிறகு சிதம்பரத்துக்குப் போனாள். இப்போது அதையும் விட்டு, கொழுந்தனோடு மகன் வேலை பார்க்கும் சூரத்துக்கே போய்விட்டாள். எப்படி இருக்கிறாள் என்று நான் கேட்பதே இல்லை என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசைதான். ஆனால் மகள் போன் பண்ணும்போதெல்லாம் சுற்றி வளைத்து அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அவர்கள் கல்யாணம் திருவந்திபுரம் மலைக்கோயிலில் நடந்தது. முகூர்த்த நாளில் அந்த மலையில் எத்தனை ஜோடி இருக்கும் என்று போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். யார் வீட்டு மேளம் யாருக்கு அடிக்கிறது என்றே தெரியாது. அந்த நெரிசலில் அவளுடைய பெட்டி மாறிவிட்டது. வீட்டுக்கு வந்து திறந்தால் உள்ளே யாரோ ஒரு கல்யாணப் பெண்ணின் சேலைகள், இவளுக்குத் தொளதொளவென்று இருக்கும் ஜாக்கெட்டுகள். என் மாமியார் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். என் கணவர் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மறுபடி மலைக்கு ஓடினார். நான் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வந்த வண்டிக்காரர் வீடு வரைக்கும் போய் விசாரித்தேன். திரும்பி வந்து பார்த்தால் கல்யாணப் பெண் குளித்துவிட்டு, அந்தப் பெட்டியிலிருந்தே ஒரு சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு, கூடத்தில் உட்கார்ந்து முறுக்கு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"இதுவும் சேலதானேக்கா" என்றாள்.

சில நாள் கழித்துப் பெண்ணாடத்திலிருந்து ஆட்கள் பெட்டியைக் கொண்டுவந்தார்கள். உள்ளே இருந்த தையல்கடைச் சீட்டை வைத்துக் கண்டுபிடித்தார்களாம். அவர்கள் வீட்டுப் பெண் அதுவரைக்கும் சாப்பிடாமல் அழுதுகொண்டே இருந்தாளாம், இவளுடைய சேலையைத் தொடக்கூட இல்லையாம். இவள் கட்டின சேலையைத் துவைத்து, மடித்து, பெட்டியில் வைத்துச் சிரித்தபடி கொடுத்தாள். அந்த அழுத பெண்ணை நான் பார்த்ததே இல்லை. ஆனால் அவள் எனக்கு ஓரகத்தியாக வந்திருக்கலாம் என்று அன்றைக்கு நினைத்தேன். அவளோடு எனக்கு நன்றாக ஒத்துப்போயிருக்கும்.

பக்கத்து வீட்டிலிருந்து பண்டம் வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பி அனுப்புவதில்லை. ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு கை சர்க்கரையாவது போட்டு அனுப்புவோம். அவள் கழுவித் துடைத்து அப்படியே நீட்டிவிடுவாள். கொடுக்கும்போதும் அந்தக் கதைதான். அவள் பிறந்த வீடு திருவதிகை, பண்ருட்டிக்குப் பக்கம், அதனால் சீசனில் பலாப்பழம் வந்துகொண்டே இருக்கும். சுளை எடுத்துக் கிண்ணம் கிண்ணமாகத் தெருவுக்கே அனுப்புவாள். கிண்ணம் திரும்பி வந்ததா என்று பார்க்கமாட்டாள். தெருவில் பாதி வீட்டில் அவள் கிண்ணத்தில் தயிர் உறைந்துகொண்டிருந்தது. நானோ ஒரு டிபன் பாக்ஸ் மூடிக்காக நாலு வீடு ஏறி இறங்குகிறவள். தெருவுக்கு எங்களில் யாரைப் பிடித்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

யார் பக்கமும் பேசமாட்டாள் என்பது அடுத்த குற்றம். ஒரு வீட்டில் ஓரகத்திகள் இருவர் இருந்தால், மாமியாரைப் பற்றி ஒருத்தியிடம் ஒருத்தி புலம்பிக்கொள்ளத்தானே? என் குழம்பை வாயில் வைத்ததும் மாமியார் முகத்தைச் சுளித்ததைப் பற்றி ஒருநாள் அவளிடம் மனசுவிட்டுப் பேசினேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். மறுநாள் மதியம் மூன்று பேரும் சாப்பிடும்போது, மாமியாரைப் பார்த்து, "நீங்க மூஞ்சியச் சுளிச்சது அக்காவுக்குக் கஷ்டமா இருக்காம் அத்த. உப்பு ஜாஸ்தியா, இல்ல புளியா?" என்று கேட்டுவிட்டாள்.

கோள் சொல்லும் குரல் இல்லை அது. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பதுபோலக் கேட்டாள். மாமியார் திகைத்துப்போய், புளிதான் என்றார். நான் புளியைக் குறைத்தேன். அவர் சுளிப்பதை நிறுத்தினார். விஷயம் அவ்வளவுதான், முடிந்துவிட்டது. எனக்குத்தான் ஆறவில்லை. பல வருடம் வைத்துக்கொள்ள வேண்டிய ஒரு மனத்தாங்கலை ஒரு வேளைச் சாப்பாட்டில் தீர்த்துவிட்டாளே என்று இருந்தது.

தனிக்குடித்தனம் போக வேண்டும் என்பது என் வாழ்நாள் ஆசை. ஜாடையாகச் சொல்லிப் பார்த்தேன், சண்டை போட்டுப் பார்த்தேன், பேசாமல் இருந்து பார்த்தேன். அவளோ அதைப் பற்றி மூச்சுக்கூட விட்டதில்லை. என் கொழுந்தனுக்குச் சிதம்பரத்துக்கு மாற்றல் வந்தது. மேல வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு பார்த்துவிட்டு வந்தார்கள். சாமான் ஏற்ற வந்த குட்டி லாரியில் பாதி காலியாக இருந்தது. கிளம்பும்போது என் மாமியார் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அப்படி அழுதார். பதினைந்து வருடமாக அவருக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தவள் நான், பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். அவள் அழவும் இல்லை, சந்தோஷப்படவும் இல்லை. லாரிக்காரரிடம் டீ குடித்தீர்களா என்று கேட்டாள். நான் ஆசைப்பட்டது அவளுக்குக் கிடைத்தது என்பதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அது கிடைத்ததே தெரியாமல் போனாளே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

ஒட்டாமல் இருப்பதில் எத்தனையோ விதம் உண்டு. என் கணவரும் ஒட்டாதவர் என்றுதான் பெயர் வாங்கியிருக்கிறார். நானும் மாமியாரும் முகம் பார்க்காமல் இருந்த நாட்களிலும் அவர் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அது வெறும் சோம்பல். காபி கொஞ்சம் தாமதமானால் தெரிந்துவிடும். மாமியார் கடைசிக் காலத்தில் எனக்கு எதிலும் பற்று இல்லை என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். பீரோ சாவி அவர் இடுப்பில்தான் இருந்தது. நான் ஒரு பத்திர எழுத்தரிடம் டைப் அடிக்கும் வேலை பார்த்தேன். எதிரே அண்ணனும் தம்பியும் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாலும், எங்கள் முதலாளி தலை நிமிராமல் நான்கு எல்லையையும் எழுதிக்கொண்டிருப்பார். அது தொழில். கிரிக்கெட்டில் நம் அணி தோற்றுவிட்டால் அவர் அன்றைக்கு ராத்திரி சாப்பிடமாட்டார் என்று அவர் மனைவி சொல்லியிருக்கிறார். இந்த மாதிரி ஒட்டாமையெல்லாம் எனக்குப் புரியும், எங்கேயாவது ஓரிடத்தில் பிடி அகப்பட்டுவிடும். இவளிடம் அந்தப் பிடி எங்கே இருக்கிறது என்று தேடித்தான் என் பாதி வயசு போனது.

அகப்பட்டுவிட்டது என்று ஒருமுறை நம்பினேன். அவளுடைய அப்பா இறந்த பிறகு, திருவதிகை வீட்டில் தன் பங்கை அண்ணன்களுக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எங்கள் ஆபீசில்தான் எழுதினார்கள். டைப் அடித்ததே நான்தான். விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் அக்கா தங்கைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பாசத்துக்காகத்தான் போடுகிறோம் என்று சொல்லிக்கொண்டே பேனாவை அழுத்துவார்கள். சிலர் போட்டுவிட்டு வெளியே புங்கமரத்தடியில் போய் நின்று மூக்கைச் சிந்துவார்கள். இவளும் அழுவாள் என்று நான் கைக்குட்டையோடு தயாராக இருந்தேன்.

பத்திரத்தை வாசித்துக் காட்டினேன். மேற்படி சொத்தில் இனி எனக்கு யாதொரு உரிமையும் பாத்தியமும் பின்தொடர்ச்சியும் கிடையாது என்ற வரி வந்ததும், அதை இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள். குரலை இறக்கி, நிறுத்தி நிறுத்திப் படித்தேன்.

"கேக்கவே நல்லா இருக்குக்கா" என்றாள். "எல்லாத்துக்கும் இப்புடி ஒண்ணு எழுதிக் குடுத்துட்டா தேவல."

கையெழுத்தைப் போட்டுவிட்டு அண்ணன்களோடு போய் போண்டா சாப்பிட்டாள். எனக்கு அன்றைக்குத் தூக்கம் இல்லை. அவ்வளவு பெரிய வீடு, கிணறு, பின்னால் பலா மரங்கள், கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். உன் அப்பன் வீடா போயிற்று, நீ ஏன் புரண்டு படுக்கிறாய் என்று என் கணவர் கேட்டார். 

அவளுக்கு ஒரே மகன். அவன் எங்கே போகிறான், எப்போது வருவான் என்று அவள் கேட்டு நான் பார்த்ததில்லை. அரை டிக்கெட் வயதில் அவனைத் தனியாகக் கடலூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, எனக்கு ஒரு போன்கூடப் போடாமல் இருந்தவள். அவன் வந்து நின்றபோது நான் பதறிப்போய், முதுகில் ஒன்று வைத்து, அப்புறம் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவன் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றான். பிறகு, "பெரியம்மா, எங்கம்மா என்னை அடிச்சதே இல்ல" என்றான். அதைக் குறையாகத்தான் சொன்னான். நான் அதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். அவன் சூரத்தில் வேலைக்குப் போன பிறகும், லீவில் வந்தால் பெட்டியோடு முதலில் என் வீட்டில்தான் இறங்குவான். சென்னை பஸ் கடலூரைத் தாண்டித்தானே சிதம்பரம் போகிறது என்பார் என் கணவர். அவருக்கு என்ன தெரியும். அவன் என் வீட்டில் சாப்பிட்டு, என்னிடம் திட்டு வாங்கி, மறுநாள்தான் அம்மாவைப் பார்க்கப் போவான். இது எனக்கு எவ்வளவு பெரிய வெற்றி. ஒருநாள் இதை அவளிடமே சொல்லிக்காட்டினேன்.

"நல்லதுதானேக்கா" என்றாள். "உங்க வீட்ல மீன் நல்லா இருக்கும்."

அவ்வளவுதான். முகத்தில் ஒரு சுணக்கம் இல்லை. தோற்றவளுக்குத் தோற்றது தெரியவே இல்லை என்றால், ஜெயித்து என்ன பிரயோஜனம்? கூடவே எனக்கு அவள்மேல் ஒரு பயமும் வந்தது. பெற்ற பிள்ளை வேறு வீட்டில் போய் முதலில் சாப்பிடுகிறான் என்று கேட்டும் வயிறு எரியாத ஒருத்தியோடு எப்படிப் பழகுவது என்று தெரியவில்லை.

ஆனால் கணக்கு அதோடு நேராகிவிடவில்லை. என் மகளுக்குச் சிதம்பரத்தில் படிக்க இடம் கிடைத்தது. ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்று நானே அவளைக் கொண்டுபோய்ச் சித்தி வீட்டில் விட்டேன். முதல் மாதம் வாராவாரம் கடலூர் வந்தாள். அப்புறம் மாதம் ஒருமுறை. அப்புறம் பண்டிகைக்கு. வந்தாலும் எதையாவது சொல்லும்போது, "சித்தி எதுவும் கேக்கவே மாட்டாங்கம்மா, அதனால எல்லாத்தையும் சொல்லிடுவேன்" என்பாள். நான் கேட்டுக் கேட்டுத்தான் ஒரு வரி வாங்க முடிகிறது. அவள் கேட்காமலே முழுப் பக்கமும் வாங்குகிறாள். என் பொண்ணு என் வீட்டில் விருந்தாளியாகவும், அங்கே வீட்டுப்பிள்ளையாகவும் ஆகிக்கொண்டிருந்தாள்.

நானும் என் ஓரகத்தியைப்போல இருந்து பார்த்தேன். ஒரு வாரம் மகளுக்குப் போன் செய்வதில்லை, வந்தாலும் எதையும் கேட்பதில்லை என்று முடிவு பண்ணிக்கொண்டேன். இரண்டாம் நாள் மகளே கூப்பிட்டு, அம்மா உனக்கு உடம்பு சரியில்லையா, பிரஷர் மாத்திரை போட்டாயா என்றாள். அந்த விசாரிப்பில் எனக்கு அழுகை வந்துவிட்டது. என் விரதம் அதோடு முடிந்தது.

படிப்பு முடிந்தது, கல்யாணம் ஆனது, மகள் சென்னைக்குக் குடிபோனாள். ஆறு வருடத்துக்கு முன்னால் உண்டானாள். ஏழாம் மாதம் வளைகாப்புக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தோம். வளைகாப்பு முடிந்ததும் பெண்ணை அம்மா வீட்டுக்கு அழைத்துக்கொண்டு வருவதும், முதல் பிரசவம் அங்கேயே நடப்பதும் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். நான் முன் அறைக்குச் சுண்ணாம்பு அடித்து, கொசுவலை வாங்கி, பூண்டு லேகியத்துக்கு ஆள் சொல்லி வைத்திருந்தேன். அப்போதுதான் மகள் போனில், ரொம்ப மெதுவாக, "பிரசவத்துக்குச் சித்தி வீட்டுக்குப் போகட்டுமாம்மா?" என்று கேட்டாள்.

அந்தப் பக்கம் டாக்டர் நல்லவர், ஆஸ்பத்திரி பக்கம் என்று ஏதேதோ காரணம் சொன்னாள். நான் ஒன்றையும் காதில் வாங்கவில்லை. ஓரகத்தி வீட்டில் என் பொண்ணுக்குப் பிள்ளை பிறந்தால் மஞ்சக்குப்பத்தில் நான் எந்த முகத்தோடு நடப்பேன் என்பது ஒரு பக்கம். அதைக்கூட விடலாம். பெற்ற பொண்ணு வலி வரும்போது போய் இருக்க நினைக்கிற இடம் நான் இல்லை என்பது இன்னொரு பக்கம். 

மறுநாளே சிதம்பரம் பஸ் ஏறினேன். ஆலப்பாக்கம் தாண்டும் வரைக்கும் என்ன பேச வேண்டும் என்று சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். கேட்கக் கூடாததைக் கேட்கப்போகிறேன் என்று எனக்குத் தோன்றவே இல்லை, இன்றைக்கும் தோன்றவில்லை. என் மகளை நான் கேட்கிறேன்.

போனபோது ஓரகத்தி கொத்சுக்குக் கத்தரிக்காய் சுட்டுக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள். நான் நின்றுகொண்டே, மகள் கேட்டாளா என்றேன். கேட்டாள், வா என்று சொன்னேன் என்றாள்.

"நீ வேணான்னு சொல்லிடு" என்றேன். நான் பழகிவைத்த பேச்செல்லாம் மறந்துவிட்டது. "ஒடம்பு முடியலன்னு சொல்லு, ஊருக்குப் போறேன்னு சொல்லு, எதையாவது சொல்லு. மொதப் பிரசவம். அவ என் பொண்ணு."

 அடுப்பைத் தணித்தாள். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்து போனை எடுத்து, மகளைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டாள்.

"உங்கம்மா வந்திருக்காங்க. நீ பிரசவத்துக்கு இங்க வரக்கூடாதுன்னு நான் சொல்லணுமாம். ஒடம்பு முடியலன்னு சொல்லச் சொல்றாங்க. எனக்கு நல்லாத்தான் இருக்கு. நீ எங்க இருந்தாலும் எனக்கு ஒண்ணுதான். ஒனக்கு எங்க வேணுமோ உங்கம்மாகிட்டயே சொல்லிடு."

போனை என் முன்னால் ஸ்டூலில் வைத்துவிட்டு, பால் பொங்குகிறதா என்று பார்க்க உள்ளே போய்விட்டாள். என் காது எரிந்தது. பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்று இருந்தது. 

"பஸ்லயாம்மா வந்த?" என்றாள் மகள் போனில்.

ஆமாம் என்றேன்.

"இந்த வெயில்ல ஏம்மா." அப்புறம், "நான் சொல்றேன், கோச்சுக்காத. எனக்கு வலி வந்தா நான் கத்தணும்மா. அங்க இருந்தா நான் ஒம் மூஞ்சியத்தான் பாத்துட்டு இருப்பேன். நீ அழுவ. நான் ஒன்னத் தேத்தணும். சித்தி வீட்ல இருந்தா என் வலிய மட்டும் பாத்தாப் போதும். அவ்ளோதாம்மா."

 வாயை முந்தானையால் பொத்திக்கொண்டிருந்தேன். சத்தம் வெளியே போகவில்லை என்றுதான் நினைத்தேன்.

"சரி, அழாத" என்றாள் மகள். "நான் கடலூருக்கே வர்றேன்."

ஓரகத்தி காபியோடு வந்து, என்ன முடிவு பண்ணினீர்கள் என்று கேட்டாள். கடலூருக்கு வருகிறாள் என்றேன். சரி என்று தம்ளரை நீட்டினாள். ஒரு துளி வாட்டமாவது தெரிகிறதா என்று நான் வெட்கமில்லாமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சர்க்கரை போதுமா என்று கேட்டாள். நான் கேட்டுவந்தது எனக்குக் கிடைத்துவிட்டது. அழுதுதான் வாங்கியிருக்கிறேன் என்பது திரும்பும் பஸ் பரங்கிப்பேட்டை ரோடு தாண்டும்போதுதான் உறைத்தது.

மகள் வந்தாள். இரண்டு மாதமும் நான் அவளைத் தரையில் விடாமல் பார்த்துக்கொண்டேன். அவளுக்கு முன்னால் அழுவதில்லை என்று மட்டும் சாமி படத்துக்கு முன்னால் நின்று உறுதி எடுத்திருந்தேன். விடியும்போது வலி கண்டது. ஆஸ்பத்திரியில் நானும் என் கணவரும் இருந்தோம், மாப்பிள்ளை சென்னையிலிருந்து கிளம்பியிருந்தார். பத்து மணிவாக்கில் என் ஓரகத்தி வந்து சேர்ந்தாள், கையில் துவைத்து மடித்த பழைய வேட்டித் துணிகள். மாப்பிள்ளை போன் பண்ணினாராம். பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

நர்ஸ் கதவைத் திறந்து, கூட இருக்க ஒருத்தர் உள்ளே வரலாம், யார் வருகிறீர்கள் என்று கேட்டார். நான் அவளைத்தான் பார்த்தேன். அவள் எழுந்தால் தோளைப் பிடித்து உட்காரவைக்கவும் தயாராக இருந்தேன். அவள் எழவில்லை.

"போங்கக்கா" என்றாள். "செருப்பக் கழட்டிட்டுப் போங்க."

உள்ளே போன கொஞ்ச நேரத்தில் என் உறுதியெல்லாம் பறந்துவிட்டது. என் பொண்ணு கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு முறுக்கிய முறுக்கைப் பார்த்து நான் கேவிக் கேவி அழுதேன். நர்ஸ் என்னை முறைத்தார். ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவில், டிரிப் ஊசி ஏற்றியிருந்த கையை எட்டி நீட்டி, என் மகள் என் கன்னத்தைத் துடைத்துவிட்டாள். ஒன்றும் இல்லம்மா, ஒன்றும் இல்லம்மா என்று அவள்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் சொன்ன மாதிரியே நடந்துவிட்டது.

பெண் குழந்தை. துடைத்து, துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார்கள். கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். உண்மையைச் சொன்னால், முதலில் அவளிடம்தான் காட்ட நினைத்தேன். இதைப் பார்த்தாவது அவள் முகம் மாறும், ஒருமுறை கையில் வாங்கினால் திருப்பிக் கொடுக்க மனசு வராது, அப்போது கேட்டு வாங்க வேண்டும் என்று இருந்தது. பெஞ்சில் வேட்டித் துணிகள் இருந்தன. அவள் இல்லை.

குழந்தை அழுத சத்தம் வெளியே கேட்டதாம். பிறந்துவிட்டது மாமா, நான் வருகிறேன் என்று சொல்லி எழுந்து போய்விட்டதாக என் கணவர் சொன்னார். ஆணா பெண்ணா என்றுகூடக் கேட்கவில்லையாம். சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறி வந்தவள், இன்னும் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து அந்த முகத்தைப் பார்த்துவிட்டுப் போகக் கூடாதா? எனக்கு வந்த கோபத்தில் குழந்தையின் எடையே தெரியவில்லை.

மகளை அறைக்கு மாற்றினார்கள். மத்தியானம் தூங்கி எழுந்ததும், "சித்தி வந்தாங்களாமே, எங்கம்மா?" என்று கேட்டாள்.

போய்விட்டாள் என்றேன். குழந்தையைப் பார்க்கவே இல்லை, என்ன குழந்தை என்று ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை, நீ எப்படி இருக்கிறாய் என்றும் கேட்கவில்லை என்று ஒவ்வொன்றாக, அழுத்தியே சொன்னேன். இந்தத் தடவையாவது மகளுக்கு வலிக்கும் என்று எதிர்பார்த்தேன். வலித்தால் தேற்றுவதற்குப் பக்கத்தில் நான் இருக்கிறேன்.

மகள் சிரித்தாள். உதடெல்லாம் வெடித்திருந்த அந்த முகத்தில் அன்றைக்கு வந்த முதல் சிரிப்பு.

"அவுங்க அப்புடித்தாம்மா" என்றாள்.

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். நான் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விடியற்காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை, அழுது அழுது கண் இரண்டும் வீங்கியிருந்தது. என்னைப் பற்றி யாரும் இதுவரைக்கும் அப்படிச் சிரித்துக்கொண்டு சொன்னதில்லை. என் கணவர், மகள், போய்ச்சேர்ந்த மாமியார், எல்லோரும் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். நீ ஏன் இப்படி இருக்கிறாய்?